வெட்டிய காட்டுக்குக் கிரிஸ்லி கரடி வருகிறது என்றால், வெட்டியது அதற்கு நல்லது என்று பொருளா?

கேள்வி: முதுகலை மாணவி, கிண்டி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சாலை, மரவெட்டு, எண்ணெய்க் கிணறு, குழாய்ப்பாதை என மனிதர் நிலத்தில் செய்யும் மாற்றங்கள் கிரிஸ்லி கரடியின் வாழிடப் பயன்பாட்டை எப்படி மாற்றுகின்றன என்பதை இந்தப் பருவத்துக் கருத்தரங்கத் தாளுக்குத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். நம் மலைகளிலேயே கரடி இருக்கும்போது வட அமெரிக்கக் கரடி எதற்கு என்று வகுப்பில் கேட்டார்கள். கழுத்துப்பட்டை மாட்டிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவும், அதே நிலத்தின் செயற்கைக்கோள் படங்களும், இறந்த கரடிகளின் பதிவும் சேர்ந்தே கிடைக்கின்றன என்பதால்தான் அங்கே போனேன்.

முதல் வரைவில், மனிதர் கை பட்ட நிலத்தைக் கரடி தவிர்க்கும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, வாழிட வரைபடத்தில் வெட்டப்பட்ட காடுகள் அனைத்துக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன். பிறகு கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் 1999 முதல் நடந்துவரும் ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியதும் அந்த வரி நிற்கவில்லை. ஜிபிஎஸ் பட்டை மாட்டப்பட்ட கரடிகள் அங்கே மரங்களை முழுவதும் வெட்டிய திட்டுகளுக்குத் தேடியே வந்திருக்கின்றன. ஒரு பருவத்தில், வெட்டி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆன திட்டுகளை விரும்பியும் இருக்கின்றன. சாலையோரங்களிலும் எண்ணெய்க் கிணற்றுத் திடல்களிலும்கூட அவற்றின் நடமாட்டம் பதிவாகியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஸ்வான் மலைகளில் செய்து 1996இல் வெளியான ஆய்வு, போக்குவரத்து கூடக்கூடச் சாலையை ஒட்டிய நிலத்தைக் கரடிகள் கைவிடுகின்றன என்று சொல்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூஜ்யத்தை அழித்துவிட்டு வெட்டுத்திட்டுகளுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்து, இரண்டாம் வரைவை வழிகாட்டியிடம் சமர்ப்பித்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: "அப்படியானால் காட்டை வெட்டச் சொல்கிறாயா?"

மூன்று நாட்களாக அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் எழுத முடியவில்லை. கரடி வருவது உண்மை. ஆனால் வருகிறது என்பதை வைத்து, அந்த நிலம் அதற்கு நல்லது என்று சொல்லலாமா? இத்துறையில் பழகியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: நிலத்தரவுப் பணியாளர், பெருங்குடி

நான் கரடியை வண்டலூரில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. நிலவரைபடத் தரவோடு பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறவன் என்ற முறையில் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குழப்பத்தின் வேர் 'பயன்படுத்துகிறது' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு கரடியின் பட்டை நான்கு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி அனுப்பினால், ஒரு நாளைக்கு ஆறு, கரடி விழித்திருக்கும் ஆறு ஏழு மாதங்களுக்கு ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள் சேரும். அவற்றில் நூற்றுக்கு இருபது வெட்டுத்திட்டில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த இருபது கூடுதலா குறைவா என்பது, அந்தக் கரடி நடமாடும் எல்லைக்குள் வெட்டுத்திட்டு மொத்தம் எவ்வளவு பரப்பு என்று தெரிந்தால்தான் விளங்கும். பரப்பில் நூற்றுக்குப் பத்துதான் என்றால் அது தேடி வருகிறது. நாற்பது என்றால் தவிர்க்கிறது. நீங்கள் படித்த ஆய்வுகளில் வரும் தேர்வுக் கணக்கு முழுவதும் இந்த ஒப்பீட்டின் மேல் கட்டப்பட்டதுதான். ஆகவே இரண்டு ஆய்வுகள் முரண்படுவதுபோல் தெரிந்தால், இரண்டிலும் எந்த எல்லைக்குள் எந்தப் பரப்பை 'கிடைக்கக்கூடியது' என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஒரு பள்ளத்தாக்கையே ஒதுக்கிவிட்டு வேறு பள்ளத்தாக்கில் குடியிருக்கும் கரடி, தான் குடியிருக்கும் பள்ளத்தாக்குக்குள் ஒரு சாலையோரத்தை விரும்பலாம். பெரிய அளவில் தவிர்ப்பு, சிறிய அளவில் விருப்பம். இரண்டும் ஒரே விலங்கிடம் ஒரே ஆண்டில் உண்மையாக இருக்க முடியும்.

அடுத்ததாக, பட்டையே ஒரு பக்கம் சாயும். அடர்ந்த மரக்கவிப்பின் கீழ் செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாகக் கிடைக்காமல் பல புள்ளிகள் பதிவாகாமல் போய்விடும். வெட்டவெளியில் அநேகமாக எல்லாம் பதிவாகும். பாரிமுனையின் குறுகிய சந்து ஒன்றில் நின்று கைபேசியில் ஆட்டோ அழைத்துப் பாருங்கள். நீங்கள் ஓரிடத்தில் நிற்க, நீலப் புள்ளி அடுத்த தெருவில் நிற்கும். மெரினா மணலில் அந்தத் தொல்லை இல்லை. திருத்தம் செய்யாமல் விட்டால், வெட்டுத்திட்டில் கரடி உண்மையில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்ததுபோல் கணக்கு காட்டும். இந்தச் சாய்வைச் சரிக்கட்டும் முறைகள் ஆல்பர்ட்டா அடிவாரத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டவைதான். உங்கள் தாளில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குவது நல்லது.

மெரினா என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மே மாத நண்பகலில் அந்த மணலில் கால் வைக்க முடியாது; மாலை ஆறு மணிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. நாள் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கினால் இரண்டுமே தொலைந்துபோகும். ஆல்பர்ட்டாக் கரடிகள் வெட்டுத்திட்டுக்கு வருவது பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும்தான். பகலில் மரங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. திட்டின் நடுப்பகுதியைவிடக் காட்டு விளிம்பை ஒட்டிய பகுதி முக்கியமாவதும் இதனால்தான். ஆகவே வெட்டுத்திட்டுக்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால், எந்த மணிக்கு என்றும், பக்கத்தில் ஒதுங்க மரம் இருக்கிறதா என்றும் சேர்த்துப் போடுங்கள்.

உங்கள் வழிகாட்டியின் கேள்விக்கு இது பதில் ஆகாது என்பது எனக்கும் தெரியும்.

பதில்: ஆல்பர்ட்டாவில் வேலை செய்து திரும்பியவன், அடையாறு

மேலே எழுதிய நண்பர் கணக்கைத் தெளிவாக வைத்துவிட்டார். நான் கரடியைக் காட்டுகிறேன்.

ஆல்பர்ட்டாவின் ஹிண்டன், எட்சன் பகுதிகளில் எண்ணெய், எரிவாயு தேடும் நில அதிர்வு அளவைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். எங்கள் வேலைக்காகக் காட்டை நூல் பிடித்ததுபோல் நேர்க்கோடாக வெட்டுவார்கள். அதைக் கட்லைன் என்போம். பழைய கோடுகள் ஐந்தாறு மீட்டர் அகலத்தில், மேடு பள்ளம் எதையும் பாராமல், கிலோமீட்டர் கணக்கில் ஓடும். விமானத்திலிருந்து பார்த்தால் அந்தக் காடு கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல் தெரியும். அந்தக் கோடுகளுக்கு இடையில் மரவெட்டுத் திட்டுகள், கிணற்றுத் திடல்கள், அவற்றை இணைக்கும் சரளைச் சாலைகள்.

ஒரு ஜூன் மாலை, பத்து மணியாகியும் வெளிச்சம் போகாத நேரம், பழைய வெட்டுத்திட்டு ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தி உள்ளேயே இருந்தோம். தோளில் திமிலும் முகத்தில் குழிவும் கொண்ட கிரிஸ்லி ஒன்று, உளுத்துப்போன அடிக்கட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தது. ஒரு கட்டையின் மேல் முன்னங்கால் நகங்களைப் பதித்துத் தன் பக்கமாக இழுத்தது. நாம் பலாப்பழத்தைப் பிளப்பதுபோல் கட்டை இரண்டாகப் பிரிந்தது. மூக்கை உள்ளே வைத்து அரை நிமிடம் நக்கிவிட்டு அடுத்த கட்டைக்குப் போயிற்று. கறுப்பு எறும்பும் அதன் வெள்ளை முட்டைகளும்தான் அதன் இரவுச் சாப்பாடு. மறுநாள் பகலில் போய்ப் பார்த்தபோது இருபதுக்கும் மேற்பட்ட கட்டைகள் புரட்டப்பட்டுக் கிடந்தன. பெரிய மரங்கள் நின்ற பக்கத்துக் காட்டில் ஒரு கட்டைகூட அப்படி இல்லை. ஏனெனில் அங்கே வெயில் தரைக்கு இறங்குவதே இல்லை, வெயில் படாத கட்டையில் எறும்புக் கூடு பெருகுவதில்லை.

வெட்டுத்திட்டு கரடிக்கு என்ன தருகிறது என்பது அந்தக் கட்டையில் இருக்கிறது. அந்தக் கரடியின் ஆண்டுச் சாப்பாட்டைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். குகையிலிருந்து வெளியே வந்ததும் ஹெடிசாரம் என்ற செடியின் கிழங்கைத் தோண்டும், பிறகு குதிரைவால் செடி, கிளோவர், டேன்டிலியன் ஆகியவற்றின் இளந்தளிர், மான் குட்டிகள், எறும்பு, ஆகஸ்டு வாக்கில் பஃபலோபெர்ரி என்ற சிவப்புப் பழம். குளிர்கால உறக்கத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சில மாதங்களில் சேர்த்தாக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை வெயிலை விரும்புபவை. முற்காலத்தில் அந்த வெயிலைக் காட்டுத் தீ கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டில் தீயை அடக்கிவிட்டோம். திறந்த வெளிகள் மூடிக்கொண்டன. கரடிக்குத் தீ செய்ததில் ஒரு பகுதியை இப்போது மரவெட்டு செய்கிறது. சாலையோரக் கிளோவரோ நாமே விதைத்தது. மண் அரிக்காமல் இருக்கச் சரிவுகளில் தூவுவோம், பனி உருகியதும் முதலில் பச்சை பிடிப்பது அதுதான்.

இனி உங்கள் வழிகாட்டியின் சிவப்பு மைக்கு வருகிறேன். வெட்டுத்திட்டு தனியாக வருவதில்லை, சாலையோடு வருகிறது. லாரி போக வேண்டுமே. மரம் ஏற்றி முடித்த பிறகும் சாலை அங்கேயே கிடக்கும். அதன் வழியாக எல்க் மான் வேட்டைக்காரர் வருவார், மீன் பிடிப்பவர் வருவார், நான்கு சக்கர மோட்டார் வண்டியில் பொழுதுபோக்குக்கு வருவார். கறுப்புக் கரடி என்று தவறாக நினைத்துச் சுட்டது, தற்காப்புக்காகச் சுட்டது, சட்டத்தை மீறிச் சுட்டது, வாகனத்தில் அடிபட்டது என அங்கே கிரிஸ்லியின் சாவு பெரும்பாலும் மனிதனால் வருவதுதான். அது பெரும்பாலும் மனிதன் வண்டியில் போகக்கூடிய இடத்தை ஒட்டியே நடக்கிறது. ஆல்பர்ட்டா அரசு 2006இல் கிரிஸ்லி வேட்டையை நிறுத்தியது; 2010இல் மாகாணம் முழுவதற்கும் ஏறத்தாழ 700 கரடிகள்தான் என்ற மதிப்பீட்டோடு, அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. அந்த மாகாணத்தின் 2008ஆம் ஆண்டு மீட்புத் திட்டம் ஒரே ஓர் அளவுகோலை முன்னால் வைத்தது: முதன்மை வாழிடத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்குத் திறந்த சாலை 0.6 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாம் நிலைப் பகுதியில் 1.2. எவ்வளவு காடு வெட்டலாம் என்பதைவிட எவ்வளவு சாலை திறந்திருக்கலாம் என்பதையே அவர்கள் முன்னால் வைத்தார்கள்.

ஆகவே கரடியைக் கொல்வது வெட்டு அன்று, சாலை. நாங்கள் வெட்டிய கோடுகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் சம்பளம் வாங்கியவன்தான் சொல்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற வனச்சரகர், வேளச்சேரி

அம்மா, உங்கள் வழிகாட்டி கேட்டது நியாயமான கேள்வி. முப்பத்தொரு ஆண்டுப் பணியில், பெரும்பகுதியை நீலகிரியிலும் ஆனைமலையிலும் கழித்தவன் நான். கிரிஸ்லியைப் பார்த்ததில்லை. நம் கரடி வேறு இனம், குளிர்கால உறக்கம் இல்லாதது, கறையானையும் பழத்தையும் நம்பி வாழ்வது. ஆகவே அங்குள்ள எண்ணை எடுத்து இங்கே ஒட்ட வேண்டாம். ஆனால் உங்கள் சிக்கலுக்கு ஒத்த ஒன்றை நான் பதிவேட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

எங்கள் காலத்தில் மரம் வெட்ட ஒதுக்கிய பகுதியைக் கூப்பு என்போம். அதற்குப் போட்ட பாதை கூப்பு ரோடு. வெட்டு நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் கூப்பு ரோடு அப்படியே இருக்கும். மழைக்குப் பிறகு விடியற்காலையில் அதில் நடந்தால் கரடித் தடம் காட்டுக்குள் இருப்பதைவிடத் தெளிவாகக் கிடைக்கும்; குதிகாலும் ஐந்து விரலும் நகமும் மண்ணில் பதிந்திருக்கும். பாதை அதற்கும் வசதிதான். எச்சத்தைக் குச்சியால் கிளறினால், பருவத்தைப் பொறுத்து, கறையான் தலைகள் மினுமினுக்கும், கொன்றை விதை கிடக்கும், உண்ணிச்செடியின் விதையும் கிடக்கும். உண்ணிச்செடி நாம் கொண்டுவந்த களை. அதன் பழத்தைக் கரடி தின்கிறது, அதன் புதருக்குள் பகலில் படுக்கிறது. நடமாட்டப் பதிவேட்டை மட்டும் பார்க்கிற ஓர் இளம் அலுவலர், உண்ணிச்செடியை அகற்றினால் கரடிக்குக் கேடு என்று எழுதிவிடுவார்; எழுதியும் இருக்கிறார்கள்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஊருக்கும் நடுவில் கரடி நடமாடுவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மலையடிவாரக் கோயிலில் கதவைத் தள்ளி, அகல் விளக்கில் மிச்சமிருந்த எண்ணெயை நக்கிவிட்டுப் போன இடத்துக்கு ஒருமுறை விசாரணைக்குப் போனேன். விளக்குகள் ஒன்றுகூட உடையவில்லை. வரிசை மட்டும் கலைந்திருந்தது. பூசாரி, "பாவம், பசிக்கு வந்தது" என்றார். அதே கிராமத்தில் விடியற்காலையில் தேயிலை பறிக்கப் போன ஒரு பெண் புதருக்குள் கரடியை மிதிக்காத குறையாக நெருங்கிவிட்டார். அவர் முகத்தில் போட்ட தையல்களை நான் மருத்துவமனையில் பார்த்தேன். அதற்குப் பிறகு கூண்டு வைத்தோம்.

இங்கே கவனியுங்கள். கரடி எங்கே நடமாடியது என்பதை வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். கரடி எங்கே செத்தது, எங்கே பிடிபட்டது என்பது வேறொரு பதிவேடு. இரண்டும் வெவ்வேறு அலமாரியில் இருக்கும். முதல் பதிவேட்டில் தேயிலைத் தோட்ட ஓரம் கரடிக்கு மிகச் சிறந்த இடம். இரண்டாம் பதிவேட்டிலும் அதே இடம்தான் முதலில் வரும். ஒன்றை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், காட்டை வெட்டச் சொல்கிறாயா என்றுதான் எவரும் கேட்பார்.

அடையாறு நண்பர் எல்லாப் பழியையும் சாலை மேல் போட்டுவிட்டு வெட்டை விடுவித்துவிட்டார். அதை நான் முழுவதும் ஏற்கவில்லை. சாலை இல்லாமல் வெட்டு நடக்காது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு இரண்டையும் பிரித்து ஒன்றுக்கு மட்டும் தண்டனை கொடுப்பது எப்படி?

மறுமொழி: முதுகலை மாணவி, கிண்டி

மூவருக்கும் நன்றி. ஐயா எழுதிய 'இரண்டு அலமாரி' எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆல்பர்ட்டாவில் 2006 வாக்கில் செய்திருப்பதும் அதுவே என்று இப்போது புரிகிறது: கரடி எங்கே இருக்க வாய்ப்பு என்ற வரைபடத்தையும், எங்கே சாக வாய்ப்பு என்ற வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் உயர்ந்து நிற்கும் இடங்களைத் தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இழுக்கும் ஆனால் வாழ விடாத நிலம் என்று நான் தமிழில் எழுதிக்கொண்டேன். சூழலியல் பொறி என்று பாடத்தில் படித்ததை இதுவரை மீனுக்கும் பூச்சிக்கும் மட்டுமே பொருத்திப் பார்த்திருந்தேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஆண், பெண், குட்டியோடு இருக்கும் தாய் ஆகிய எல்லாம் சாலையை ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்கின்றனவா? பொறி என்று தெரிந்துகொண்டு விலகக் கரடிக்கே வழியில்லையா?

பதில்: முனைவர் பட்ட ஆய்வாளர், தாம்பரம்

என் ஆய்வு பாலூட்டிகளின் நடத்தை பற்றியது, கரடி அதில் ஒரு பகுதி. உங்கள் இரண்டு ஐயங்களும் ஒன்றோடொன்று பின்னியவை.

எல்லாக் கரடிகளும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. நல்ல தீனி உள்ள, மனிதர் வராத உட்பகுதிகளில் பெரிய ஆண் கரடிகள் ஆதிக்கம் செலுத்துகின்றன. பழுப்புக் கரடி இனத்தில் ஆண் கரடி, தனக்குப் பிறக்காத குட்டிகளைக் கொன்றுவிடுவது உண்டு. குட்டியை இழந்த தாய் மீண்டும் இணைசேர ஆயத்தமாகிவிடுவதுதான் அதற்குக் காரணம். கிரிஸ்லியும் இதே இனத்தின் ஒரு பிரிவுதான். சுவீடனில் இந்த இனத்தின் மேல் செய்து 2016இல் வெளியான ஆய்வில், இணைசேரும் பருவத்தில் குட்டிகளோடு இருந்த தாய்க் கரடிகளில், குட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டவை மனிதக் குடியிருப்புகளுக்கு நெருக்கமான இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தது தெரிந்தது. மனிதருக்குப் பயந்து ஆண் கரடி வராத இடம் தாய்க்கு ஒரு மதில். ஆக, ஒரு புள்ளி சாலைக்கு அருகில் விழுந்திருப்பதற்குக் கிளோவர் மட்டும் காரணம் இல்லை. தாயின் கணக்கு வேறாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்தொகை நிலைப்பதும் சரிவதும் பெண் கரடிகளின் கையில் இருக்கிறது. பெண் கிரிஸ்லி ஐந்தாறு வயதுக்குப் பிறகே முதல் குட்டி ஈனும். ஒரு ஈற்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று நான்கு ஆண்டுகள் இடைவெளி விழும். சாலையோரத்தில் ஓர் ஆண் கரடி செத்தால் ஒரு கரடி போயிற்று. ஒரு பெண் செத்தால் பத்தாண்டுக் கணக்கு போயிற்று. உங்கள் வரைபடத்தைப் பாலினம் பிரித்து வரைய முடிந்தால் வரையுங்கள்.

விலகக் கற்றுக்கொள்ளுமா என்றால், ஓரளவு கற்றுக்கொள்கிறது. மனிதர் மிகுந்த நிலங்களில் கரடிகள் வயது ஆக ஆக இரவு நடமாட்டத்துக்கு மாறுகின்றன என்றும், அப்படி மாறியவை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. பெருங்குடி நண்பர் சொன்ன மெரினா மாலைக்கு இதுவே உள்காரணம். ஆனால் அதே ஆய்வு, அந்த நிலங்களில் கரடிகள் தங்கள் எண்ணிக்கையைத் தாமாகத் தக்கவைத்துக்கொள்ளவில்லை, சுற்றியுள்ள காடுகளிலிருந்து வந்து சேரும் கரடிகளால்தான் தாக்குப்பிடிக்கின்றன என்றும் காட்டியது. கற்றுக்கொள்வதற்குள் இளங்கரடிகளில் பல செத்துப்போகின்றன. சிறுவர்கள் சாலையைக் கடக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பி உஸ்மான் சாலையில் வேகத்தடையை எடுத்துவிட எவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

சாலையைக் கடப்பதற்கே வழி செய்து கொடுத்த இடமும் உண்டு. ஆல்பர்ட்டாவின் பான்ஃப் தேசியப் பூங்காவின் ஊடாகப் போகும் நெடுஞ்சாலைக்கு இருபுறமும் வேலி போட்டு, 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் விலங்குகளுக்கென்றே கட்டியிருக்கிறார்கள். கிரிஸ்லிகள் உடனே அவற்றில் ஏறிவிடவில்லை; பழகச் சில ஆண்டுகள் ஆயின. இருட்டான குறுகிய சுரங்கத்தைவிட, புல் முளைத்த அகலமான மேம்பாலத்தையே அவை விரும்பின. தாயோடு கடந்த குட்டி, வளர்ந்த பிறகு தானாகக் கடக்கும். அதே பூங்காவின் ரயில் பாதையிலோ, சரக்கு வண்டியிலிருந்து சிந்தும் தானியத்தைத் தின்ன வந்து கரடிகள் அடிபட்டிருக்கின்றன. பொறி என்ற சொல்லுக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது: தீனி தண்டவாளத்தின் மேலேயே கிடக்கிறது.

பதில்: ஆல்பர்ட்டாவில் வேலை செய்து திரும்பியவன், அடையாறு

வனச்சரகர் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். வெட்டை நான் எளிதாக விடுவித்துவிட்டேன். இருந்தாலும் இரண்டையும் பிரிக்க நடைமுறையில் ஒரு வழி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் சில சாலைகளை வாயிலில் கேட் போட்டுப் பூட்டினார்கள். சிலவற்றில் பாலத்தையே எடுத்துவிட்டு, இயந்திரத்தால் மண்ணைக் கிளறிவிட்டு மூடினார்கள். கேட் போட்ட சாலைகளைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இல்லை; பக்கத்தில் மண்ணை இடித்து மோட்டார் வண்டி போகும் அளவுக்கு வழி செய்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாலத்தை எடுத்த சாலைகளில் மூன்றாம் ஆண்டே வில்லோ புதர் தோள் உயரம் வந்துவிட்டது. கிளோவரும் எறும்புக் கட்டையும் அங்கேயே இருந்தன, துப்பாக்கி மட்டும் வரவில்லை. தாளில் 'சாலை' என்று ஒரே சொல்லாக எழுதாமல், திறந்ததா, பெயருக்கு மூடியதா, உண்மையில் மூடியதா என்று பிரித்து எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வனச்சரகர், வேளச்சேரி

கேட் பற்றி நண்பர் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். கூப்பு ரோட்டில் நாங்கள் போட்ட சங்கிலியின் பூட்டுக்கு ஊரில் எத்தனை சாவி இருந்தது என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் சொன்னார்கள். அதே சமயம், பூட்டு ஒழுங்காக இருந்தால் பலன் உண்டு என்பதற்கும் நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. முதுமலையிலிருந்து பந்திப்பூர் வழியாகப் போகும் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் விடியும்வரை வாகனத்தை நிறுத்திவைக்கிறார்கள். அந்தச் சாலையோரப் புல்லைத் தேடி வரும் மானையும் யானையையும் இரவில் நிம்மதியாக விட்டது அந்தத் தடுப்புதான்.

மறுமொழி: முதுகலை மாணவி, கிண்டி

இன்று காலை வழிகாட்டியைப் பார்த்தேன். வரைபட மதிப்பெண்ணை ஒன்றுக்கு இரண்டாக்கியிருந்தேன்: முதலாவதில் தீனியும் ஒதுங்கிடமும், பகல் இரவு பிரித்து, இரண்டாவதில் திறந்த சாலையின் தூரமும் அடர்த்தியும். முப்பது ஆண்டு ஆன வெட்டுத்திட்டு, உண்மையில் மூடிய சாலையோடு என்றால் இரண்டிலும் நன்றாக நிற்கிறது. திறந்த சாலையோடு என்றால் முதலாவதில் மேலே, இரண்டாவதில் கீழே. சிவப்பு மைக் கேள்விக்குக் கீழே பென்சிலால், "வெட்டச் சொல்லவில்லை; வெட்டிய இடத்தில் சாலையை ஏன் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன்" என்று எழுதியிருந்ததைப் படித்தார். பெண் கரடிகளுக்குத் தனி அட்டவணை எங்கே என்று கேட்டார்.

தாம்பரம் அக்கா, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.